பதினோரு கூடுதல் இலைகள்

என் கையெழுத்து அழகாக இருக்கும். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் எழுதுவதெல்லாம் அச்சாகித்தான் உங்கள் கைக்கு வருகிறது என்பதால், என்னிடம் உள்ள ஒரே அழகு வழியிலேயே தொலைந்துபோகிறது. கன்னியாஸ்திரீகள் நடத்திய பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில், ஊதா மையில் பேனா முள்ளைத் தோய்த்து, மேலே ஏறும்போது மெல்லியதாகவும் கீழே இறங்கும்போது தடிப்பாகவும் எழுதிப் பழகிய எழுத்து அது. எழுத்து அழகாக இருந்துவிட்டால், எழுதியிருக்கும் விஷயமும் சரியாகத்தான் இருக்கும் என்று பெரியவர்கள் நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையால், எனக்கு ஒன்பது வயதானபோது முதலியார்பேட்டையில் ஒரு விருந்து என்ன பாடுபட்டது என்பதுதான் கதை.

அப்பாவின் தம்பி, அதாவது என் சித்தப்பா, எங்கள் பேட்டை வாலிபர் சங்கத்தின் காரியதரிசி. அவர் படித்து வளர்ந்தது விழுப்புரத்தில், தாய்மாமன் வீட்டில். பிரெஞ்சுக்காரனை விரட்டுவதற்கென்றே புதுச்சேரிக்கு வந்ததாகச் சொல்லுவார். அவர் வந்து ஆறு மாதத்தில் பிரெஞ்சுக்காரன் போய்விட்டான். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. பிரெஞ்சில் ஒரு சொல்கூட அவருக்குத் தெரியாது. தெரியாததை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார்.

கொடி மாறிய வாரத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். எங்கள் பேட்டைச் சொல்தாக்களிலேயே பெரிய உத்தியோகம் பார்த்தவர் ஒருவர் அடுத்த தெருவில் இருந்தார். அவர் பட்டாளத்தில் அஜுதான் என்ற பதவியில் இருந்தவர். ஊரும் அவரை அஜுதான் என்றே அழைத்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். அவர் வீட்டுக் கதவில் சித்தப்பா போய்ப் புதுக் கொடியைக் கட்டிவிட்டு வந்தார். கிழவர் கிழித்துப் போடுவார், சண்டை வரும், பேட்டை முழுக்கப் பெயர் பரவும் என்பது திட்டம். மறுநாள் காலையில் அஜுதான் எங்கள் வாசலில் வந்து நின்றார். கொடியை இஸ்திரி போட்டது மாதிரி நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"தம்பி, பொழுது சாஞ்சா கொடிய எறக்கணும். அது யாரு கொடியா இருந்தாலும் அதான் மொற. கட்டத் தெரியாதவன் எல்லாம் ஏன் கட்றீங்க?"

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார். சித்தப்பாவை அதற்குப் பிறகு அவர் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

இதில் சித்தப்பாவுக்கு என்ன நஷ்டம் என்றால், அஜுதானுக்குக் கடைக்குட்டியாக ஒரு மகள் இருந்தாள். சித்தப்பா கடற்கரைக்குப் போனாலும் அந்தத் தெரு வழியாகத்தான் போவார். கடற்கரைக்கு நேர் எதிர்ப்பக்கம் இருந்த மில்லுக்குப் போனாலும் அந்தத் தெரு வழியாகத்தான் போவார். பெண் கேட்டுப் போன என் அப்பாவுக்கு அஜுதான் காபி கொடுத்து உபசரித்து, "கொடி கட்டத் தெரியாதவனுக்கு நான் பொண்ணக் கட்றதா இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இப்படி நாலு வருஷம் போயிற்று.

நாலாவது வருஷம் சித்தப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. வாலிபர் சங்கத்தின் சார்பில் பேட்டையிலுள்ள சொல்தாக்களுக்கெல்லாம் ஒரு விருந்து வைத்துக் கௌரவிப்பது. சங்கத்து ஆட்கள் முதலில் மலைத்துப்போனார்கள். "பிரெஞ்சுக்காரனுக்காகச் சண்ட போட்டவங்களுக்கு நாம எதுக்கு எல போடணும்? போன வருசம் வரைக்கும் நீதானே அவங்களத் திட்டிக்கிட்டுக் கெடந்த?" என்று ஒருவர் கேட்டார். வீரம் எந்தக் கொடியின் கீழ் இருந்தாலும் தமிழனின் வீரமே என்று சித்தப்பா அரை மணி நேரம் பேசினார். பேசி முடித்தபோது அவர் கண்ணே கலங்கியிருந்தது. எந்தத் தெருவை நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் மறுபடி எதிர்க்கவில்லை.

நாள் குறிப்பதில் சிக்கல் வந்தது. பிரெஞ்சுக்காரனின் தேசிய நாளான ஜூலை பதினாலு என்றால் ஒரு கட்சிக்காரர்கள் கோபிப்பார்கள், ஆகஸ்டு பதினைந்து என்றால் இன்னொரு கட்சி. இரண்டுக்கும் நட்டநடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆடி மாதம். கல்யாணம் எதுவும் கிடையாது. பேர்பெற்ற வில்லியனூர்ச் சமையல்காரர் சும்மா உட்கார்ந்திருந்ததால் உடனே ஒப்புக்கொண்டார்.

அப்புறம்தான் கவனித்தார்கள், பேட்டையில் சங்கத்துக்குத் தெரிந்த சொல்தாக்கள் அஜுதானையும் சேர்த்து மொத்தம் ஆறு பேர். ஆறு பேருக்காகப் பந்தல் போட்டால் ஊர் சிரிக்கும். சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். அழைப்புச் சீட்டு எழுதுவதற்காக ஏற்கெனவே என்னை நியமித்திருந்தார்.

"பிரெஞ்சு படிக்கிறவ நீ. வேற சொல்தாங்க பேரு எங்கயாச்சும் கெடைக்குமான்னு பாரு."

எனக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. சங்கம் இருந்தது பிரெஞ்சுக்காரன் காலத்து முனிசிபல் கட்டடம் ஒன்றின் முன்னறையில். அதன் வெளிச்சுவரில், கதவுக்குப் பக்கத்தில், ஒரு பளிங்குப் பலகை பதித்திருந்தது. கட்டடம் சங்கத்துக்குக் கிடைத்த அன்றே சித்தப்பா தன் கையாலேயே 'வாலிபர் சங்கம்' என்ற தகரப் பலகையை அதன் மேல்பாதியை மறைத்து அடித்துவிட்டிருந்தார். தகரத்துக்குக் கீழே பதினோரு பெயர்கள் தெரிந்தன. கடைசியில் ஒரு துப்பாக்கியும் இரும்புத் தொப்பியும் செதுக்கியிருந்தது. சொல்தாக்கள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? நான் ஊதா மையில் பதினோரு சீட்டு எழுதினேன். சித்தப்பா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "அச்சு மாதிரி இருக்குது!" என்றார். ஒரு எழுத்துக்கூட அவருக்குப் புரியாது.

சீட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் எனக்கே வந்தது. ஒரு நிபந்தனை. யாரிடமும் பேசக் கூடாது, கதவிடுக்கில் செருகிவிட்டு வந்துவிட வேண்டும். நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் ஒரு கருத்து நிலவியது. குழாயடியில் பெயரைச் சொல்லி இன்னார் வீடு எது என்று கேட்டால் பெண்கள் கையை நீட்டிக் காட்டினார்கள். எங்கள் பேட்டையில் வீட்டுக்கு எண் இருந்தாலும் யாரும் அதைச் சொல்லுவதில்லை, பெயர்தான். ஒன்பது கதவில் செருகினேன்.

பத்தாவது வீட்டில் நிபந்தனை உடைந்தது. வாசலில் ஒரு ஆயா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். சீட்டை வாங்கித் தூர வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு. நீயே படி."

நான் கன்னியப்பன் என்ற பெயரை, பள்ளிக்கூடத்தில் படிப்பது போல் ராகம் போட்டுப் படித்தேன்.

"மறுபடி படி."

படித்தேன்.

"அவரையா கூப்புட்டிருக்காங்க? சாப்புடவா?"

"ஆமா ஆயா. சொல்தாங்களுக்கு எல்லாம் விருந்து."

"கட்டாயம் வரணுமா?"

எனக்கு யாரும் கொடுக்காத அதிகாரத்தோடு சொன்னேன்: "கட்டாயம் வரணும். பேரெழுதி எல போட்டுருவாங்க."

மூன்றாம் தடவையும் படிக்கச் சொன்னார். பிறகு உள்ளே போய் இரண்டு அதிரசம் கொண்டுவந்து கொடுத்தார். மற்ற ஒன்பது வீட்டிலும் வாயைத் திறக்காமல் வந்ததற்காக நான் மிகவும் வருந்தினேன்.

பதினோராவது சீட்டு ஏழுமலைக்கு. அந்தப் பெயர் குழாயடியில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கோ கால் வலி. சீட்டைப் பிரெஞ்சு வாசகப் புத்தகத்தின் நடுவே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், பதினொன்றும் கொடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சங்கத்து வாசலில் தெருவை அடைத்துப் பந்தல். பாய் விரித்து, எதிரெதிராக இரண்டு வரிசையில் பதினேழு இலை முதல் பந்திக்கு. ஒவ்வொரு இலையின் தலைமாட்டிலும் என் கையெழுத்தில் ஒரு பெயர்ச்சீட்டு, மேலே ஒரு எலுமிச்சம்பழம். அழைத்த நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே அஜுதான் வந்துவிட்டார். கறுப்புக் கோட்டு, நெஞ்சில் மெடல்கள், கையில் பிரம்பு. பின்னால் மகள். சித்தப்பா ஓடிப்போய், "வாங்க முசியே, வாங்க" என்றார். முசியே என்றால் ஐயா; நாலு வருஷத்தில் அவர் கற்றுக்கொண்ட ஒரே பிரெஞ்சு வார்த்தை அது.

அஜுதான் பட்டாளத்தில் அணிவகுப்பைப் பார்வையிடுவது போல இலை வரிசையோரம் நடந்து, ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து படித்துக்கொண்டே போனார். ஏழாவது சீட்டில் நின்றார். எட்டாவதைப் படித்தார். அதற்கப்புறம் மெதுவாக, மிக மெதுவாகக் கடைசிவரை போய், அங்கேயே நின்றுவிட்டார்.

"தம்பி. இத யாரு எழுதுனது?"

"எங்க அண்ணன் பொண்ணு முசியே!" என்று சித்தப்பா என்னை முன்னால் தள்ளினார். "எழுத்தப் பாத்தீங்களா?"

"பேரெல்லாம் எங்க புடிச்ச?" என்றார் அஜுதான் என்னிடம்.

நான் சுவரைக் காட்டினேன். அவர் போய், தகரப் பலகையின் கீழ்விளிம்பில் பிரம்பைக் கொடுத்து நெம்பினார். சித்தப்பா அடித்த ஆணிகள் பட்டுப்பட்டென்று தெறித்தன. தகரம் ஒரு பக்கம் தொங்க, பளிங்கின் மேல்பாதி நாலு வருஷத் தூசியோடு வெளியே வந்தது. அதில் இருந்த வரிகளை நான் மனசுக்குள் படித்தேன். கன்னியாஸ்திரீகள் கற்றுக்கொடுத்த பிரெஞ்சு அதற்குப் போதுமானதாக இருந்தது. படித்ததும் எனக்கு அவசரமாக வீட்டுக்குப் போகவேண்டும் போல் இருந்தது.

"மொத ஒலகச் சண்டையில செத்துப்போனவங்க," என்றார் அஜுதான். "பதினோரு பேரும். நாப்பது வருசம் ஆவுது."

சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து, "அப்ப பதினோரு எல மிச்சமா?" என்று கேட்டார். சித்தப்பாவின் முகத்தில் அவர் கல்யாணம் பந்தலைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து, முதல் இலையைச் சுருட்டப் போனார்.

"எலையில கைய வெக்காத."

அஜுதான் அப்படிச் சொன்னதற்குக் காரணம், தெருமுனையில் ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்ததுதான். முன்னால் என் அதிரச ஆயா. மஞ்சள் கரை போட்ட புது வெள்ளைப் புடவை. கையில் சீட்டு. பின்னால் இரண்டு மகன்கள், மருமகள்கள், இடுப்பிலும் தோளிலும் பேரன் பேத்திகள். அவர்களுக்குப் பின்னால் இன்னொரு குடும்பம். அதற்குப் பின்னால் இன்னொன்று. பத்துச் சீட்டும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தது. சிலர் சட்டம் போட்ட போட்டோவைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார்கள்.

அஜுதான் பந்தல் வாசலுக்குப் போய், கால் இரண்டையும் சேர்த்து நின்று, அந்த ஆயாவுக்கு ஒரு சல்யூட் வைத்தார். கவர்னருக்கு வைத்திருந்தால்கூட அவ்வளவு விறைப்பாக இருந்திருக்காது. மற்ற ஐந்து சொல்தாக்களும், முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் உட்பட, எழுந்து நின்றார்கள்.

"வா கண்ணம்மா. உன் ஊட்டுக்காரன் எல அங்க இருக்குது."

"நான் ஆம்பளைங்க பந்தியில உக்காரலாமா?" என்றார் ஆயா.

"நீ உக்காரல. கன்னியப்பன் உக்காருறான். நீ துணைக்கு வந்திருக்கிற."

அப்புறம் நடந்தது எதுவும் நிகழ்ச்சி நிரலில் இல்லை. ஆயா உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் பேரப்பிள்ளைகளுக்கு இலை போட வேண்டியிருந்தது. அடுத்த குடும்பம் உட்கார்ந்தது. சமையல்காரர் எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "நாப்பது பேருக்குத்தான் ஒல வெச்சேன். செத்தவங்க பதினோரு பேருன்னாங்க, எண்பது பேரு வந்து நிக்கிறாங்க. உசுரோட இருந்திருந்தா எத்தினி பேரு வருவாங்க?" என்று அவர் கேட்டதும், முதலில் ஆயாதான் சிரித்தார். சத்தமாக, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. அதன் பிறகு பந்தல் முழுவதும் சிரித்தது. போட்டோவை மடியில் வைத்திருந்தவர்களும் சிரித்தார்கள்.

சோறு போதாது என்று தெரிந்ததும் அஜுதான் கட்டளையிட ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்த ரொட்டிக்கடை ஒன்று இருந்தது. சித்தப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். அரை மணியில் இரண்டு கூடை நிறைய முழநீள ரொட்டியோடு திரும்பினார். எங்கள் பேட்டையில் அன்றுதான் முதலும் கடைசியுமாகப் பந்தியில் ரொட்டி பரிமாறினார்கள். ரொட்டியைப் பிய்த்துச் சாம்பாரில் தோய்த்துத் தின்றார்கள், அவியலைத் தொட்டுத் தின்றார்கள். ஒரு பெரியவர் பாயசத்தில் போட்டு ஊறவைத்து, "இத முன்னாலயே யாராச்சும் சொல்லியிருக்கக் கூடாதா" என்றார். அஜுதானின் மகள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கினாள். பின்னாலேயே சித்தப்பா ரொட்டிக் கூடையோடு போனார். இருவரும் ஒரே வரிசையில் போவதை ஊரே பார்த்தது, அஜுதானும் பார்த்தார். "சாம்பார் முன்னால போவட்டும். ரொட்டி ரெண்டடி தள்ளிப் போவட்டும்" என்று மட்டும் சொன்னார்.

ஒரே ஒரு இலையில் ஆளில்லை. கடைசி இலை. ஏழுமலை.

நான் பந்தல் காலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அஜுதான் பிரம்பை நீட்டி என்னை அழைத்தார்.

"நீதானே கூப்புட்ட? அவன் வரல. நீ உக்காரு."

அடி விழும் என்று எதிர்பார்த்த இடத்தில் இலை விழுந்தது. நான் உட்கார்ந்தேன். எனக்கு நேர் எதிர் இலையில் அவர் உட்கார்ந்துகொண்டார். அவர் அதிகம் சாப்பிடவில்லை. பரிமாறுகிறவர்களை நிறுத்தி நிறுத்தி என் இலையைக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு நாலு அப்பளம் வந்தது. பக்கத்து இலை ஆயா என் காதோரம் குனிந்து, "ஏழுமலை சின்னப் பையன். பதினெட்டு வயசுன்னு பொய் சொல்லிச் சேந்தான். அம்மா ஒருத்திதான், அவளும் அந்த வருசமே போயிட்டா. பட்டாளத்துல மூணு வேளையும் வயிறாரச் சோறு போடுவாங்கன்னு சொல்லி, எதிர்ல உக்காந்திருக்காரே, இவருதான் கூட்டிக்கிட்டுப் போனாரு. ரெண்டு பேரும் ஒரே கப்பல்" என்று சொன்னார். நான் தலையை ஆட்டினேன். ஐந்தாவது அப்பளம் எங்கிருந்து வரும் என்பதில்தான் என் கவனம் இருந்தது.

மூன்றாவது கரண்டி பாயசம் விழுந்தபோது அஜுதான் முன்னால் சாய்ந்து, என் இலையைப் பார்த்துச் சொன்னார்:

"நான் சொன்னேன் இல்ல? சாப்பாடு நல்லா இருக்கும்னு."

நான் உண்மை விளம்பி. "நீங்க சொல்லல முசியே. சித்தப்பாதான் சொன்னாரு" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஆமா," என்றார். பிறகு திரும்பி, "இங்க இன்னொரு கரண்டி ஊத்து" என்றார்.

சாப்பாடு முடிந்ததும் ஒரு புதுச் சிக்கல் முளைத்தது. எங்கள் பக்கம் நல்ல விருந்தென்றால் இலையை நம் பக்கமாக மடிப்போம். இழவு வீட்டுச் சாப்பாடென்றால் எதிர்ப்பக்கமாக. இது எந்தச் சாப்பாடு? யாருக்கும் தெரியவில்லை. எண்பது பேரும் இலை மேல் கையை வைத்துக்கொண்டு, அடுத்தவர் மடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். எச்சில் கை காய்ந்துகொண்டிருந்தது. அஜுதான் எழுந்தார். தன் இலையை மடிக்கவில்லை. நேரே என்னிடம் வந்து, முழங்கால் சொடுக்க மண்டியிட்டு, என் இலையை எடுத்து, நான் உட்கார்ந்திருந்த பக்கமாக, கொடியை மடிப்பது போல ஓரம் பார்த்து அழகாக மடித்து வைத்தார். சரசரவென்று பந்தல் முழுக்க இலைகள் அவரவர் பக்கமாக மடிந்தன.

கை கழுவும் இடத்தில் அவர் சித்தப்பாவைக் கூப்பிட்டார். "ஒனக்குக் கொடியும் கட்டத் தெரியல, பலகையும் அடிக்கத் தெரியல. நாளைக்குக் காலையில சுத்தி எடுத்துக்கிட்டு ஊட்டுக்கு வா. எங்க அடிக்கணும்னு காட்டறேன்." சித்தப்பா மறுநாள் சுத்தியலோடு போனவர் சாயங்காலம் வரை திரும்பவில்லை. தை மாதம் எனக்கு ஒரு சித்தி வந்தார்.

ஆனால் அன்று சாயங்காலம் எனக்கு அந்த விஷயத்தில் எல்லாம் அக்கறையில்லை. வயிறு நிறைந்ததும் மனசாட்சி வேலை செய்யத் தொடங்கியிருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய், புத்தகத்தின் நடுவிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்து, பந்தல் வாசலில் எல்லோரையும் வழியனுப்பிக்கொண்டிருந்த அஜுதானிடம் நீட்டினேன்.

"இத மட்டும் நான் குடுக்கல முசியே. அதான் அவரு வரல. யாரைக் கேட்டும் வீடு தெரியல."

அவர் சீட்டை வாங்கி, ஊதா எழுத்தை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். கோட்டைத் திறந்து, மெடல்களுக்குப் பின்னால் இருந்த உள்பைக்குள் வைத்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார். "நான் குடுத்துடறேன்."

எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. குழாயடியில் அலைந்ததற்குப் பதில் முதலிலேயே இவரிடம் வீட்டு விலாசத்தைக் கேட்டிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டு, ஏழுமலைக்கு எப்படியும் சீட்டுப் போய்ச் சேர்ந்துவிடும் என்ற நிம்மதியில், சமையற்கட்டுப் பக்கம் பாயசம் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.